சம்மனசுக் கீரையும் சேவியரின் கைகளும்

1

இதை எழுத வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர் என் மாமியார்.

பெசன்ட் நகரில் மாதா கோயில் கொடியேற்றம். வீடியோவில் கூப்பிட்டார். கூப்பிட்டது என்னவோ கொடியைக் காட்டத்தான். அந்தக் கூட்டத்தில் கொடி எங்கே தெரிகிறது? யாரோ ஒருவரின் பின்மண்டை, பலூன்காரரின் கம்பு, மறுபடியும் பின்மண்டை. ஆனாலும் இங்கே நார்வேயில் நாங்கள் அம்மா, அப்பா, மகள் மூன்று பேரும் சமையலறையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். கொடி மேலே போகிறது என்று மைக்கில் அறிவித்தார்கள். என் கணவர் சேவியர் பக்தியாகக் கையைத் தூக்கிச் சிலுவை போட்டார். போட்டதுதான் தாமதம்.

"டேய் சேவியரு, கையில இன்னாடா அது?"

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகக் கருந்தழும்பு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பேசு என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். கேட்டால்தானே.

"ஒண்ணியும் இல்லம்மா. வெயில் பட்டுச்சு."

சின்ன வயதிலிருந்து வங்காள விரிகுடாவில் வெயில் காய்ந்த பிள்ளை, பனி கொட்டுகிற ஊரில் போய் வெயில் பட்டு வெந்துவிட்டான் என்றால் எந்தத் தாய் நம்புவாள்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

"ஏ ரீட்டா! எண்ண சட்டிய தூக்கி எம் புள்ள மேல ஊத்திட்டியா?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கொடியை விட்டுவிட்டுப் போனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நார்வேக்குப் போன நர்ஸ் புருஷனை எண்ணெயில் பொரித்துவிட்டாளாம். என் கூடப்பிறந்த தங்கையே "இன்னாக்கா, எதுனா சண்டையா?" என்று செய்தி அனுப்பினாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். எண்ணெய் இல்லை. கீரை. கீரையும் வெயிலும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்னால் போய்விட்டு வருகிறேன்.

நான் ரீட்டா. பெசன்ட் நகர் குப்பத்துப் பெண். அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். இப்போது நார்வேயின் வட கோடியில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. இந்த ஊர்ப் பாஷையை நான் கற்றது மயிலாப்பூரில் என்றால் சிரிப்பார்கள். உண்மை அதுதான். மாட வீதிக்குப் பின்னால் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் ஏஜென்சிக்காரர்கள் வகுப்பு நடத்தினார்கள். சித்திரை மாத வெயிலில், முதுகில் வியர்வை ஓட ஓட, "இன்று பனி பெய்கிறது, பாதை வழுக்குகிறது, கவனமாக நடக்கவும்" என்று நாங்கள் இருபது நர்சுகளும் ஒரே குரலில் ஓதினோம். கீழே பூ கட்டுகிற அம்மா ஒருநாள் மேலே ஏறி வந்து, "இன்னாம்மா இது, புது மதமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் முதலில் வந்தேன். ஒன்றரை வருடம் கழித்துச் சேவியரும் எங்கள் மகள் ஜெனியும் வந்தார்கள். அவர்கள் வந்து மூன்று வருடம் ஆகிறது; ஜெனிக்கு இப்போது ஒன்பது வயது.

சேவியரை நான் எழுத்தில்தான் "அவர்" என்கிறேன். வீட்டில் "யோவ்"தான். அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். விடிகாலையில் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது எத்தனை பேர் கத்தினாலும் இவர் குரல் தனியாகக் கேட்கும். அதைவிட, இவர் சொல்கிற கதை. ஒரு சுறா இவர்கள் வலையைக் கிழித்துக்கொண்டு போன கதையை நான் கல்யாணத்துக்கு முன்பே பலமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சுறா கொஞ்சம் வளர்ந்திருக்கும். கடைசியாகக் கேட்டபோது அது எலியட்ஸ் பீச்சில் பாதி நீளம் இருந்தது. அந்த வாய்க்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த வாய் இங்கே வந்து மூடிக்கொண்டது.

முதலில் பெயரிலேயே ஆரம்பித்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "சவரிமுத்து!" என்று கூப்பிட்டார்கள். இவர் திரும்பியே பார்க்கமாட்டார். "எங்கப்பன் செத்து எத்தினி வருசம் ஆவுது, அவன இன்னாத்துக்கு கூப்புடுறாங்க?" என்று என்னிடம் எரிந்து விழுவார். இங்கே தங்குகிற அனுமதியைப் புதுப்பிக்கிற அலுவலகத்தில் இப்படியே ஒருமுறை எங்கள் முறை போய், மறுபடி வரிசையில் நின்றோம்.

பிறகு மொழி வகுப்பு. போனார். ஆனால் ஜெனி பள்ளியில் சேர்ந்த சில மாதத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டாள். கடையில் இவர் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கும்போதே அவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். வீட்டில் இவர் ஒரு வாக்கியம் சொன்னால் நடுவில் நிறுத்தித் திருத்துவாள். பெற்றோர் கூட்டத்துக்கு இவர் போன அன்று, வகுப்பு வாசலில் வைத்து, "அப்பா, நீ பேசாத, நானே பேசிக்கிறேன்" என்றாளாம். குழந்தைதான். கெட்ட எண்ணம் கிடையாது. மறு வாரத்திலிருந்து இவர் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

போன குளிர்காலத்தில் மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே காதை அடைக்கிற இயந்திரச் சத்தம். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அவருக்கு அது வசதியாக இருந்தது, எனக்குப் பயமாக இருந்தது. பனி கரைகிற சமயத்தில் அந்த வேலையும் முடிந்தது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ரீட்டா, கிறிஸ்மஸுக்கு எனுக்கு ஒரு டிக்கெட் போட்டுடு. ஒன் வே போதும்."

"ஒன் வேயா?"

"நீயும் ஜெனியும் இங்க சோக்கா கீறீங்க. நான் இன்னா பண்ணிக்கினு கீறேன், சொல்லு? அங்க அண்ணன் ஒண்டியா படகு தள்ளிக்கினு கீறான். நான் போறேன். நீங்க லீவுக்கு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சண்டை முடிந்ததும் சரியாகியிருக்கும். அவர் யோசித்து முடித்துவிட்டுச் சொன்னார். பிழைப்புக்காக ஆண்கள் வெளிநாடு போய், மனைவியும் பிள்ளையும் ஊரில் இருப்பதை நம் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது தலைகீழாக நடக்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. "பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.

3

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் ஏதேதோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் நான் அந்தப் பக்கம் துணி காயப்போடுவதோடு சரி. இந்த வருடம் மே மாதம், கற்சுவர் ஓரத்து ஈர மூலையில், தடித்தடியாகத் தண்டு விட்டுக்கொண்டு ஒரு செடி எழுந்தது. கொத்தமல்லி இலையை நாலைந்து ஆள் சேர்ந்து இழுத்துப் பெரிதாக்கினதுபோல் இலை. தண்டுக்குள்ளே குழல். சில வாரத்தில் இடுப்புயரம் வந்துவிட்டது.

வேலை இல்லாமல் வீட்டில் இருந்த சேவியர் ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

"சோம்பு வாசன வருதுடி. இல்ல, ஓமவல்லி. இரு, ரெண்டுந்தான்."

"வாயில வெச்சிடாதய்யா. வெசமா இருக்கப் போவுது."

நான் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. இந்தச் செடியின் ஜாடையிலேயே ஆளைக் கொல்லுகிற செடிகள் இந்தப் பக்கம் உண்டு. தெரியாமல் பிடுங்கித் தின்னவே கூடாது. பக்கத்து வீட்டு அம்மா பெரித்தைக் கூப்பிட்டேன். பெரித்துக்கு ஐம்பது வயது இருக்கும். இந்த ஊரின் ஒரே டவுன் பஸ்ஸை ஓட்டுகிறவர். தண்டைத் தடவி, இலையைப் பிரித்து, மோந்து பார்த்துவிட்டு, "க்வான்" என்றார். ஆங்கிலத்தில் ஏஞ்சலிகா. இந்த நாட்டில் காலம் காலமாக வீட்டுத் தோட்டத்தில் வைத்துச் சாப்பிடுகிற செடி. முன்னொரு காலத்தில் கொள்ளைநோய் வந்தபோது மிக்கேல் சம்மனசு யாருடைய கனவிலோ வந்து இந்த மூலிகையைக் காட்டினார் என்று ஒரு கதை இருக்கிறதாம். அதனால்தான் அந்தப் பெயர்.

தேவதூதரை நம் வீடுகளில் சம்மனசு என்றுதானே சொல்வோம். சேவியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மிக்கேல் சம்மனசு குட்த்த கீரையா! நம்மாளு!" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சம்மனசுக் கீரை.

பெரித் சமையல் முறையும் சொன்னார். பூ வருவதற்கு முன்னால் இளந்தண்டாகப் பார்த்து வெட்ட வேண்டும். மேல்தோலை உரித்து, வெந்நீரில் ஒரு கொதி விட்டு, சர்க்கரைப் பாகில் பல நாள் ஊறவைத்தால் மிட்டாய். இலையை மீனோடு சேர்க்கலாம். எல்லாத் தண்டையும் வெட்டிவிடாமல் ஒன்றை மட்டும் விதைக்கு விட வேண்டும்.

மீன் என்றதும் சேவியர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். முதல் குழம்பு குப்பைக்குப் போனது. மாங்காய் போடுகிற இடத்தில் இந்தத் தண்டைத் தோலோடு வெட்டிப் போட்டிருந்தார். அப்படி ஒரு கசப்பு. இரண்டாவது தடவை உரித்துப் போட்டார், தேவலை. மூன்றாவதாகச் செய்ததுதான் நின்றது. இங்கே காட் என்று ஒரு மீன், வெந்தால் பூவாக உதிரும். அதை மஞ்சள் போட்டு வேகவைத்து, முள் எடுத்து, சுறாப் புட்டுக்கு உதிர்ப்பதுபோல் உதிர்த்து, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் வதக்கிப் பிரட்டி, இறக்கும்போது இந்த இலையைப் பொடியாக நறுக்கித் தூவினார். வாசனை மாடிப்படி வரை போனது. மீன் என்றாலே மூக்கைச் சுருக்குகிற ஜெனி தட்டை வழித்துவிட்டு, "இன்னும் குடு" என்றாள். தமிழில் கேட்டாள்.

மிட்டாய்க்காக ஒரு பாட்டில் நிறையப் பாகு காய்ச்சி வைத்தோம். பாகில் ஊறிய தண்டுகள் பச்சைக் கண்ணாடித் துண்டுகள் போல இருந்தன. கிறிஸ்மஸ் கேக்கில் டூட்டி ஃப்ரூட்டிக்குப் பதிலாக இதைப் போடலாம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பாட்டிலைத் துடைத்து மூடினார். கிறிஸ்மஸுக்கு அவர் இருக்கப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

4

இனி வெயில் கதை.

ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறைவதே இல்லை. அதில் ஒரு வாரம் நிஜமாகவே வெயில் அடித்தது. வெயில் என்றால் நம் கே.கே. நகரில் மார்கழி மதியம் அடிக்குமே, அந்த அளவுக்குத்தான். அதற்கே ஊர் முழுக்கச் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் விழுந்து கிடந்தது. சேவியரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று உடம்போடு, இரண்டாவது பாட்டிலுக்குத் தண்டு வெட்ட இறங்கினார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரித் பார்த்தார். கையை ஆட்டினார். அந்தச் செடியின் சாறு தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். கையுறை போடு, முழுக்கைச் சட்டை போடு. நிறுத்தி நிதானமாக, தன் கையையும் சூரியனையும் மாற்றி மாற்றிக் காட்டிச் சொன்னார். சேவியருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்ததால்தான் அப்படிச் சிரித்தார்.

"இன்னாடி இது அநியாயம்! எனுக்கு வெயில் சொல்லிக் குடுக்குது இந்தம்மா. நம்மூரு கத்திரி வெயில்ல இட்டுக்கினு போயி நிக்க வெச்சா இவங்க உருகி ஓடிடுவாங்க!"

நானும் சிரித்தேன். நர்ஸ், படித்தவள், ஆனாலும் சிரித்தேன். சென்னைக்காரிக்கு வெயில் விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. பங்குனி மாதம் தி.நகரில் திருவிழாத் துணி எடுக்க நடந்தவளுக்கு இந்த ஊர்ச் சூரியன் ஒரு பொருட்டா?

தண்டை வெட்டினார், கையாலேயே தோலை உரித்தார். சாறு விரல் இடுக்கில் வழிந்து முழங்கை வரை ஓடியது. அதை நெஞ்சில் துடைத்துக்கொண்டார். பிறகு கற்சுவர் மேல் சாய்ந்து உட்கார்ந்து, கரையில் வலை பிரித்துப் போடுகிற நாட்களில் உட்கார்வாரே அப்படி, சாயங்காலம் வரை சுகமாக வெயில் காய்ந்தார்.

மறுநாள் அரித்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டு கையும் நெஞ்சும் அப்பளம் பொரிந்ததுபோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. நான் டியூட்டியில் இருந்தேன். போனில், "ரீட்டா, கலீஜா கீதுடி, நீ வா" என்றார். என்னால் உடனே வர முடியாது, மருத்துவரிடம் போ என்றேன். மருத்துவரிடம் போவதென்றால் இவர் வாயைத் திறந்து பேச வேண்டும். மூன்று வருடமாக அதை நான்தான் செய்துகொண்டிருந்தேன். "நான் போவல" என்றார். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.

பிறகு நடந்ததைப் பெரித் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இவர் கைகளை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். பஸ்ஸை ஓட்டிவந்த பெரித், கொப்புளத்தைப் பார்த்ததும், "நான் சொன்னேனா இல்லையா?" என்று ஏறுகிற படியிலேயே ஆரம்பித்துவிட்டார். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பதில் சொல்ல நானும் இல்லை, ஜெனியும் இல்லை. வலியோ, எரிச்சலோ, பெரித் சொன்னதற்கு எதிர்வாதம் பண்ண வேண்டும் என்ற ரோஷமோ, என்ன என்று தெரியவில்லை. நம் ஆள் எழுந்து நின்று, உடைந்த நார்வே மொழியில், கைகால் ஆட்டி, தான் எந்த ஊர், அந்த ஊரில் வெயில் எப்படி, தான் எப்பேர்ப்பட்ட ஆள், இந்த ஊர்ச் சூரியன் தன்னை எப்படி ஏமாற்றியது என்று சொல்லியிருக்கிறார். மருத்துவமனை நிறுத்தம் வந்தும் கதை முடியவில்லையாம். பெரித் வண்டியை நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறார். நேரமாகிறது என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம்.

உள்ளே "சவரிமுத்து!" என்று கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவர் எழுந்து போனார். மருத்துவருக்கும் முழுக் கதையையும் சொன்னார். அந்த இளம் டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டே களிம்பு எழுதிக் கொடுத்தாராம்.

5

இரண்டு கையிலும் கட்டோடு சின்ன ஊரில் நடமாடினால் கேட்காமல் விடுவார்களா? கடையில் கேட்டார்கள். நூலகத்தில் கேட்டார்கள். நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள் நாயை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு புது வார்த்தை சேர்ந்தது. கொப்புளத்துக்கு என்ன சொல், உரிப்பதற்கு என்ன சொல், திமிருக்கு என்ன சொல் என்று என்னிடம் கேட்டு வைத்துக்கொண்டார். திமிருக்குச் சரியான சொல் எனக்கே தெரியவில்லை. இல்லத்தில் ஒரு பாட்டியம்மாவைக் கேட்டுவந்து சொன்னேன்.

மொழி வகுப்பு ஆசிரியை கடையில் இவரைப் பார்த்து, கதையைக் கேட்டுவிட்டு, விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும்போது வந்து இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். "பாக்குறேன்னு சொன்னேன்" என்று வீட்டில் வந்து அலட்சியமாகச் சொன்னார். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிய அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் பார்க்காததுபோல் பாத்திரத்தைத் தேய்த்தேன். ஏதாவது சொன்னால் திரும்பி உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நான் மறக்கவே மாட்டேன் என்று நினைப்பது வேறு ஒரு நாளை. ஜெனி பள்ளித் தோழிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "எங்கப்பா கையைப் பாக்கணுமாம்" என்றாள். அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புயரச் செடி முதலில் ஆளுயரம் ஆனது. பிறகு கூரையைத் தொட்டது. சாறு ஆறாக ஓடியது. ஒரு இடத்தில் வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னார். ஜெனி வழக்கம்போலத் திருத்த வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த பெண், கதையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஜெனியின் தொடையில் ஒரு தட்டு தட்டிச் "சும்மா இரு" என்றாள். ஜெனி வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளும் அந்தப் பெண்ணைப் போலவே முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கதை முடிந்ததும், "அப்பா, இவங்களுக்கு அந்த சுறா கதை சொல்லேன்" என்றாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அழுததற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

ஆனால் ஒரு கதை சொன்னதற்காக மனிதர் மனம் மாறிவிடுவார் என்று நான் நம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஜூலையில் ஒருமுறை டிக்கெட்டைப் பற்றிக் கேட்டார். "பாக்குறேன்" என்றேன். கணினியில் தேதியைப் போட்டு, "ஒரு வழி" என்ற இடத்தில் அழுத்தி, பிறகு மூடிவிடுவேன். அண்ணன் அங்கிருந்து பேசும்போதெல்லாம் இவர் தனி அறைக்குப் போய்ப் பேசினார். கொடியேற்றத்தன்று மாமியார் என்மேல் எண்ணெய்ப் பழியைக் கொட்டியபோதும் கடைசியாகச் சொன்னது, "நீ வந்துடுறா நைனா" என்பதுதான். அதற்கு இவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

6

மாமியாரிடம் நான்கு நாள் கழித்து நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினேன். "கீரை ஆஞ்சவன் வெந்து போனானா? இன்னாடி ஊரு அது!" என்று சிரித்து, பிறகு, "பாத்துக்கோடி" என்று குரல் இறங்கிச் சொன்னார். எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது. குப்பத்துக்காரர்களும் இத்தோடு என்னை விட்டுவிட வேண்டும்.

செப்டம்பர் ஆனது. விதைக்கு விட்ட ஒற்றைத் தண்டு பந்து பந்தாகப் பச்சைப் பூ பூத்து, காய்த்து, விதை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. செடி அடியோடு வாடியது. விதை கொடுத்தால் அதன் காலம் முடிந்ததாம். சேவியர், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, கொத்துகளை வெட்டி எடுத்தார். நம் ஊரில் மொட்டை மாடியில் மல்லி விதை காயப்போடுவதுபோல், பின்வாசல் வெயிலில் பேப்பரை விரித்துப் பரப்பினார். நன்றாகக் காய்ந்ததும் சாம்பல் கலந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துவைப்பதாகத் திட்டம்.

"அப்றம்?" என்று கேட்டேன்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லிக்கிறாங்க இல்ல? நீ ஆடியில போட்டுடு."

"நீ" என்றார். அது என் காதில் நன்றாகவே விழுந்தது.

பெரித் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு அலறினார். இந்த விதையைக் காயவைத்து எடுத்துவைத்தால் செத்துப்போகும். புதுசாக இருக்கும்போதே, இப்போதே போட்டுவிட வேண்டும். மண் போட்டு மூடக்கூடாது, மேலாகத் தூவி அழுத்தினால் போதும். குளிர்காலம் முழுக்க அதன் மேல் பனி கிடக்க வேண்டும். பனி கரைந்ததும் முளைக்கும்.

"ஐஸுக்குள்ள கெடந்தா வெத செத்துடாதா?" என்றார் சேவியர். இதை என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, பெரித்திடம் அவரே அவர்கள் மொழியிலும் கேட்டார்.

கிடந்தால்தான் முளைக்கும் என்றார் பெரித். நம் விவசாயத்தில் இல்லாத கூத்து. முளைத்தபின் எப்போது பூக்கும் என்று சேவியர் கேட்டார். பெரும்பாலும் மூன்றாவது கோடையில் என்று சொல்லிவிட்டு, பெரித் பஸ் எடுக்கப் போனார்.

சேவியர் பேப்பரை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டார். களைக்கொத்தை எடுத்து, துணிக்கொடிக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறி ஒரு பாத்தி கட்டினார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பாத்தி நன்றாக வந்திருந்தது. விதையைக் கையில் அள்ளினவர், தூவாமல் அப்படியே நின்றார். கொடியைப் பார்த்தார், பின்வாசலைப் பார்த்தார். பிறகு விதையைத் திரும்பப் பேப்பரில் போட்டுவிட்டு, கிளறின மண்ணைக் காலால் தள்ளி மூடினார்.

"இன்னாய்யா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"இங்க வாணாம். அந்தாண்ட சொவுத்து ஓரமா போட்டுக்கலாம். மூணாவது வருசம் ஆளு ஒசரத்துக்கு எழுந்து நிக்கும். ஜெனி துணி எடுக்க வர சொல்லோ கையில பாலு பட்டுடும்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு."

"ஆமா. முழுக்கை சட்ட போடுன்னு நான் சொன்னா கேக்கவா போறா? அவ அப்பன் மாரிதான் கீறா."

சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்ததோ இல்லையோ. அவர் சுவர் ஓரம் போய்க் குனிந்து மறுபடியும் மண்ணைக் கிளற ஆரம்பித்தார். கல் பொறுக்கி எறிந்தார். விதையைத் தூவி, உள்ளங்கையால் தட்டித் தட்டி அமுக்கினார். நான் பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டு நின்றேன். அவர் நிமிராமலே கேட்டார்.

"டிக்கெட் போட்டுட்டியா?"

பிழிந்த துணியைக் கொடியில் போட்டேன். "இன்னும் இல்ல."

"நல்லதா போச்சு. மூணா போடு. கிறிஸ்மஸ் முடிஞ்சி ஜல்தி திரும்பி வந்துடணும். இதும் மேல பனி சரியா வுழுந்துக்கீதான்னு நான் பாக்கணும்."